'இப்ப வேணாம், அப்புறம் வாங்க' - ஒரு மருத்துவ விதியின் கதை

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். காலேஜில் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணி, "மச்சி, டீக்கடை வரைக்கும் வர்றியா? வீட்ல பேச முடியாது" என்றான். கல்யாணப் பேச்சு ஏதோ சிக்கலாயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டுதான் கிளம்பினேன்.

டீ வந்து ஆறிப்போகும் வரைக்கும் அவன் பேசவே இல்லை. அப்புறம் வண்டி சீட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். வெள்ளை டப்பா, 30 மாத்திரை, சீல் பிரிக்கலை. எச்.ஐ.வி. மாத்திரை. பரிசோதனை முடிவு வந்து, அந்த டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பி, பதினோரு நாள் ஆயிருந்தது. பதினோரு நாளும் அது வண்டி சீட்டுக்கு அடியிலதான் இருந்திருக்கு.

"என் சிடி4 540டா. நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே சொல்றாங்க. ஆனா இந்த வாரமே மாத்திரையை ஆரம்பிங்கன்னும் சொல்றாங்க. நல்லா இருந்தா எதுக்குடா மாத்திரை? ஏதோ முத்திப் போச்சு. எங்கிட்ட மறைக்கிறாங்க."

அவன் இப்படி நினைக்க ஒரு காரணம் இருந்தது. அவங்க தெருவுல ஒரு அண்ணன், வண்டி ஒர்க்‌ஷாப் வச்சிருந்தவர். 2005-ல் அவருக்கு இதே முடிவு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குத் துணையாப் போனது என் நண்பனோட அப்பா. அன்னைக்கு அவர்கிட்ட சொன்னது, "உங்க சிடி4 320. இப்ப மாத்திரை வேணாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க." அண்ணன் அதை நல்ல சேதியா எடுத்துக்கிட்டார். மாத்திரையே தேவையில்லைன்னு சொல்லிட்டாங்கன்னு வீட்ல பாயசம் வெக்காத குறை. அப்புறம் அவர் அந்தப் பக்கமே போகலை. 2007-ல் காசநோய் வந்து போய்ச் சேர்ந்தார்.

சின்ன வயசுல இதைப் பார்த்த என் நண்பன் மனசுல ஒரு கணக்கு பதிஞ்சிருக்கு. மாத்திரை இல்லைன்னா ஆரம்ப நிலை. மாத்திரை கொடுத்தா கடைசி நிலை. 320 இருந்தவருக்கே அப்புறம் வாங்கன்னாங்க, 540 இருக்கிற எனக்கு உடனேங்கிறாங்க. கணக்கு எங்கேயோ உதைக்குதே?

எனக்கு பதில் தெரியலை. "நாளைக்குக் காலையில இதே கேள்வியை உன் கவுன்சிலர்கிட்ட கேளு, ஒளிக்காம கேளு" என்று மட்டும் சொல்லிட்டு வந்தேன். ஆனா கேள்வி என்னை விடலை. அன்னைக்கு ராத்திரியும் அடுத்த சில நாட்களும் உட்கார்ந்து படிச்சேன். படிச்சதில் தெரிஞ்சது: அந்த அண்ணனுக்குச் சொன்னது பொய் இல்லை. என் நண்பனுக்குச் சொன்னதும் பொய் இல்லை. நடுவுல விதி மாறியிருக்கு. அது ஏன் மாறிச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. அவன் சம்மதத்தோட, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதறேன். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

எப்போ ஆரம்பிக்கிறதுன்னு கேட்கவே வழியில்லாத காலம்

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர்கள் ஐந்து பேருக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி ஒரு சின்னக் குறிப்பு. எய்ட்ஸ் வரலாறு எழுதறவங்க எல்லாரும் தொடங்கற இடம் இது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ல் ரத்தப் பரிசோதனை வந்தது.

அந்த வரிசையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முதல்ல நோய், அப்புறம் வைரஸ், அப்புறம் பரிசோதனை. மருந்து? இல்லை. பரிசோதனை செய்து 'உனக்கு இருக்கு' என்று சொல்ல முடியும், அதுக்கப்புறம் சொல்ல எதுவும் கிடையாது. அதனால சோதனை செய்துகொள்வதே நல்லதா கெட்டதான்னு அங்கே பெரிய விவாதமே நடந்திருக்கு.

அந்த வெறுமையில் நோயாளிகள் தாங்களே ஒண்ணு சேர்ந்தாங்க. 1983 ஜூனில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு சுகாதார மாநாட்டில், எய்ட்ஸ் வந்தவர்கள் சிலர் மேடையேறி ஓர் அறிக்கை வாசித்தார்கள். எங்களைப் 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், நாங்கள் எய்ட்ஸுடன் வாழும் மனிதர்கள், எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் - சாரம் இதுதான். 'டென்வர் கோட்பாடுகள்' என்று அதுக்குப் பேர். இன்னைக்கு நாம 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்று சொல்றோமே, அந்தச் சொல்வழக்கின் வேர் அங்கேதான் இருக்கு. மருந்து வருவதற்கு நாலு வருஷம் முன்னாடியே, சேதி கேட்டு இடிஞ்சு போனவங்க தங்களைத் தாங்களே நிமிர்த்திக்கிட்ட கதை அது.

நம்ம ஊர்க் கதை 1986-ல் தொடங்குது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் தெரிய வந்தது அப்போதுதான். அதெல்லாம் வெளிநாட்டு நோய்னு சொல்லிக்கிட்டிருந்த நாட்டுக்கு அது பெரிய அடி. அந்தப் பெண்களிடமும் கொடுக்க ஒரு மாத்திரை கிடையாது.

முதல் மருந்து, முதல் ஏமாற்றம்

ஏ.இசட்.டி. என்கிற மருந்து 1964-லேயே டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்காகத் தயாரித்தது. புற்றுநோய்க்கு அது உதவலை, மூலையில் கிடந்தது. எண்பதுகளின் நடுவில் எச்.ஐ.வி.க்கு எதிராக அதைச் சோதித்தார்கள். 282 நோயாளிகள், பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. சில மாசத்திலேயே மாவு மாத்திரை குழுவில் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்து குழுவில் ஒருத்தர். சோதனையை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடு ராத்திரியும் எழுந்து சாப்பிடணும். அதுக்காகவே பீப் பீப்னு கத்துற மாத்திரை டப்பா எல்லாம் இருந்திருக்கு. ரத்தசோகை வந்து பலருக்கு ரத்தம் ஏத்த வேண்டியிருந்தது. ஆனாலும் மருந்துன்னு ஒண்ணு வந்தாச்சு. அப்போதான் முதல் தடவையா அந்தக் கேள்வி பிறந்தது: இதை எப்போ ஆரம்பிக்கிறது? நோய் முத்தினதுக்கு அப்புறமா, இல்லை நல்லா இருக்கும்போதேவா?

1989-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அறிகுறி இல்லாதவர்களுக்கும் சிடி4 500-க்குக் கீழே இருந்தால் ஏ.இசட்.டி. பலன் தருது என்றது. (சிடி4 என்பது நம்ம நோய் எதிர்ப்புப் படையில் ஒரு வகை வெள்ளை அணு. இந்த வைரஸ் குறி வைக்கிறதே அதைத்தான். நல்ல ஆரோக்கியத்தில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேலே இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து.) எல்லாரும் சீக்கிரமே ஆரம்பிச்சாங்க.

1993-ல் 'கான்கார்ட்' ஆய்வின் முதல் முடிவு வந்தது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் 1,749 பேர். சீக்கிரம் ஆரம்பித்தவர்களும் தாமதமாக ஆரம்பித்தவர்களும் மூணு வருஷம் கழித்து கிட்டத்தட்ட ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஒரே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் வைரஸ் தன்னை மாத்திக்கிட்டு அந்த மருந்தை ஏமாத்திடும். அவ்வளவு கஷ்டப்பட்டு ராத்திரி எழுந்து மாத்திரை சாப்பிட்டதெல்லாம் வீணான்னு பலர் உடைஞ்சு போனாங்க. 'அவசரப்படாதே' என்ற பேச்சு இங்கே தொடங்குது.

முதலிலேயே அடி, பலமா அடி

அதுவரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: வைரஸ் உடம்புக்குள்ளே வந்து பல வருஷம் தூங்குது, அப்புறம் எழுந்து அடிக்குது. 1995-ல் டேவிட் ஹோ குழுவும், ஜார்ஜ் ஷா குழுவும் அந்த நம்பிக்கையை உடைச்சாங்க. எப்படிங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஒரு கம்பெனியில் ஆயிரம் பேர் வேலை பார்க்கிறாங்கன்னு வைங்க. வருஷக் கடைசியிலும் ஆயிரம் பேர்தான். வெளியே இருந்து பார்த்தா, ஆஹா எவ்வளவு அமைதியான கம்பெனின்னு தோணும். ஹெச்.ஆர். திடீர்னு புது ஆள் எடுக்கிறதை நிறுத்தினாத்தான் தெரியும், மாசத்துக்கு நூறு பேர் ராஜினாமா பண்ணிக்கிட்டு இருந்த லட்சணம். ஹோ செய்ததும் அதுதான். வைரஸ் பெருகுவதை ஒரு புது மருந்தால் நிறுத்திவிட்டு, ரத்தத்தில் இருந்த வைரஸ் எவ்வளவு வேகமா குறையுதுன்னு அளந்தார். குறையற வேகம்தான் அதுவரை உற்பத்தியான வேகம். ஆலன் பெரல்சன் என்ற கணிதவியலாளர் சேர்ந்து கணக்குப் போட்டு 1996-ல் வெளியிட்டது: ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ் உற்பத்தியாகுது. அறிகுறியே இல்லாத அந்த 'அமைதியான' வருஷங்களிலும்தான்.

தூக்கம் எல்லாம் ஒண்ணும் இல்லை, முதல் நாளிலிருந்தே போர். அப்படின்னா காத்திருப்பது எதுக்கு? எச்.ஐ.வி.யை முதலிலேயே, பலமாக அடிக்க வேண்டிய நேரம் இது என்று 1995-ல் ஹோ எழுதினார். 1996-ல் மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. அந்த ஜூலையில் வான்கூவரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் அதுதான் பேச்சு. படுக்கையில் கிடந்தவங்க எழுந்து வேலைக்குப் போனாங்க. அமெரிக்காவில் 1997-ல் எய்ட்ஸ் மரணங்கள் முந்தைய வருஷத்தை விட 47 சதவீதம் குறைஞ்சுது. டைம் பத்திரிகை டேவிட் ஹோவை 1996-ன் மனிதராக அட்டையில் போட்டது.

ரெண்டு மூணு வருஷம் விடாம மருந்து சாப்பிட்டா வைரஸ் மொத்தமா ஒழிஞ்சுடும்னு கூட அப்போ ஒரு கணக்கு இருந்தது. அதுவும் தப்பாப் போச்சு. சில நினைவு செல்களுக்குள்ளே வைரஸ் தன் மரபணுவைச் செருகிவிட்டுச் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. மருந்தால் அதைத் தொட முடியாது. அது தானாக அழிய 60 வருஷத்துக்கு மேலே ஆகும்னு 1999-ல் கணக்கிட்டாங்க. ஆக, மருந்து ஆயுளுக்கும்.

ஆயுளுக்கும் சாப்பிடற மாதிரியா இருந்தது அந்த மருந்து? இன்டினாவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெறும் வயித்துல சாப்பிடணும், சிறுநீரகக் கல் வராம இருக்க ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணியாவது குடிக்கணும். கன்னம் ஒட்டிப்போகும், வயிறு உப்பும், கொழுப்பு எங்கெங்கேயோ போய்ச் சேரும். எல்லாத்தையும் தாங்க முடியாம நடுவுல நிறுத்தினா, வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிடும், அப்புறம் கையில் மருந்தே இருக்காது.

அதனால 2001-ல் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் பின்வாங்கின. அதுவரை 500 என்றிருந்த சிடி4 எல்லை 350 ஆனது. நல்லா இருக்கிறவரைக்கும் மருந்தின் விஷத்தைத் தள்ளிப் போடு என்பது தர்க்கம். நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், எது அதிகம் கெடுக்குதுன்னு தராசுல வச்சுப் பார்த்த முடிவு. அன்னைக்குக் கையில இருந்த மருந்துக்கு அது தப்பான முடிவுன்னு சொல்லிட முடியாது.

நம்ம ஊர் வரிசை

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நம்ம ஊர்ல கூட்டுச் சிகிச்சை என்பது பணக்காரர்களுக்கு மட்டும். வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன சமாச்சாரம். 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு வருஷம் 350 டாலர் என்ற விலையில் மூணு மருந்தையும் தருவதாக அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஏழை நாடுகளிலும் இது சாத்தியம்தான் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியாச்சு.

அரசு இலவச மருந்துக்காக இங்கே உள்ளவர்களும் சும்மா இல்லை. 1997-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளோருக்கான தேசிய அளவிலான கூட்டமைப்பு, 1998-ல் பெண்களுக்கென்று கௌசல்யா பெரியசாமி உள்ளிட்டோர் தொடங்கிய அமைப்பு. டென்வரில் கேட்ட குரல்தான், இங்கே நம்ம பாஷையில். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசின் இலவசக் கூட்டுச் சிகிச்சை எட்டு மையங்களில் ஆரம்பமானது. அதில் ஒண்ணு தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை.

எட்டு மையம், லட்சக்கணக்கான நோயாளிகள். யாருக்கு முதலில் கொடுப்பது? உலக சுகாதார நிறுவனம் அப்போது காட்டிய எல்லை சிடி4 200. சாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு முதல் மாத்திரை. அதை யாரால் தப்பு சொல்ல முடியும்? அந்த மாத்திரையில் ஸ்டாவுடின் என்ற மருந்தும் இருந்தது. மலிவு, பலன் உண்டு, ஆனால் கால் நரம்புகளை எரிய வைக்கும், கன்னத்தை ஒட்ட வைக்கும். 2009-ல் உலக சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியா விட்டுவிடச் சொன்னது.

இப்போ அந்த ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு வருவோம். 2005-ல் 320 என்றால், விதிப்படி அவருக்கு மருந்து கிடையாது. சொன்னவங்க விதியைச் சரியாத்தான் சொன்னாங்க. "இப்ப வேணாம்" என்பதற்குப் பின்னால், மருந்து கடுமையா இருந்தது, வரிசை நீளமா இருந்தது, ஆரம்பத்திலேயே கொடுத்தால் நல்லதுங்கிறதுக்கு உறுதியான ஆதாரம் அப்போ இல்லைங்கிற மூணு காரணமும் இருந்தது. அவர் காதில் விழுந்தது மட்டும் வேற: "உனக்கு ஒண்ணும் இல்லை." 'அப்புறம் வாங்க' என்பதில் 'வாங்க' காணாமப் போச்சு.

கையெழுத்துப் போட்டவர்கள்

இந்தக் கேள்விக்கு ஆதாரம் சும்மா வரலை. 2006-ல் இருந்து வரிசையாக முடிவு வந்த ஆய்வுகளில், நோயாளிகள் தாங்களா முன்வந்து, 'எந்தக் குழுவில் போட்டாலும் சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்காங்க.

முதலாவது 'ஸ்மார்ட்'. 33 நாடுகள், 5,472 பேர். ஒரு குழு மருந்தைத் தொடர்ந்து சாப்பிடணும். இன்னொரு குழு சிடி4 350-க்கு மேலே இருந்தா நிறுத்திக்கலாம், 250-க்குக் கீழே போனா திரும்ப ஆரம்பிக்கலாம். மருந்துக்கு லீவு விட்டா பக்கவிளைவு குறையுமேன்னு நினைப்பு. 2006 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாச்சு. லீவு எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் அல்லது இறக்கும் ஆபத்து 2.6 மடங்கு. யாரும் எதிர்பார்க்காதது என்னன்னா, இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோயும் லீவு எடுத்தவங்களுக்குத்தான் அதிகம். மருந்துதான் இதயத்தைக் கெடுக்குதுன்னு நினைச்சிருந்தாங்க. கட்டுப்படுத்தாத வைரஸ், உடம்பு முழுக்க அணையாத அழற்சியா எரிஞ்சு, அதிகமாக் கெடுக்குதுன்னு அப்போதான் புரிஞ்சுது.

ரெண்டாவது 'எச்.பி.டி.என். 052'. ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருந்து, துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகள், ஒன்பது நாடுகள். அதில் நம்ம சென்னையும் ஒரு இடம். சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் வழியாக நம்ம ஊர்த் தம்பதிகள் கலந்துகொண்டிருக்காங்க. பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு சிடி4 இறங்கின பிறகு. 2011 மே மாசம் முடிவு வந்தது. துணைக்குத் தொற்றியதாக மரபணு மூலம் உறுதியான 28 பேரில், 27 பேர் தாமதக் குழு. உடனே ஆரம்பித்த குழுவில் ஒருத்தர்தான். 96 சதவீதம் குறைவு. அந்த வருஷத்தின் மிகப் பெரிய அறிவியல் திருப்பம் என்று சயின்ஸ் இதழ் இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

மூணாவதுதான் என் நண்பனுக்கான நேரடி பதில். 'ஸ்டார்ட்' ஆய்வு. 35 நாடுகள், 4,685 பேர். எல்லாருக்கும் சிடி4 500-க்கு மேலே, அதாவது என் நண்பன் மாதிரியே 'நல்லா இருக்கிறவங்க'. பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேர் 350-க்கு இறங்கும்வரை காத்திருக்கணும். 2015 மே மாசம், திட்டமிட்டதற்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே முடிவை வெளியே சொல்லிட்டாங்க. எய்ட்ஸ், கடுமையான பிற நோய், மரணம் எல்லாம் சேர்த்து உடனே ஆரம்பித்த குழுவில் 42 பேருக்கு, காத்திருந்த குழுவில் 96 பேருக்கு. பாதிக்கும் கீழே. அதே வருஷம் ஐவரி கோஸ்ட்டில் நடந்த 'டெம்ப்ரானோ' ஆய்வும் இதையே சொன்னது.

2015 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எல்லையைத் தூக்கியே எறிந்தது. சிடி4 எதுவா இருந்தாலும் மருந்து. இந்தியா அந்த விதிக்கு 2017-ல் மாறியது. சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று காலமானார். 1986-ல் மருந்தில்லாத ஆறு ரத்த மாதிரிகளில் தொடங்கியவர், ஸ்டார்ட் முடிவு வந்த ரெண்டு மாசத்தில் போய்விட்டார்.

540-க்கு எதுக்கு மாத்திரை?

மறுபடி டீக்கடை. இந்தத் தடவை டீ ஆறுவதற்குள் நான் பேசி முடிச்சேன்.

"உனக்கு முத்திப் போனதால இல்லைடா. முத்தாம இருக்கிறதாலதான் இப்பவே. 540-ஐ 540-க்குக் கீழே விடாம இருக்கத்தான் மாத்திரை. எல்லாருக்கும் இப்போ இதுதான் விதி, உனக்குன்னு தனியா ஒண்ணும் மறைக்கலை."

தராசின் ரெண்டு தட்டும் மாறிப் போச்சு. ஒரு பக்கம், காத்திருப்பதால் வரும் கேடு நினைத்ததைவிட அதிகம்னு தெரிஞ்சுது. இன்னொரு பக்கம், மருந்து மாறிடுச்சு. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரையில், ஒரு நாளைக்கு ஒண்ணு. பீப் டப்பா வேண்டாம், ஒன்றரை லிட்டர் கணக்கு வேண்டாம். பக்கவிளைவே கிடையாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஸ்டாவுடின் காலத்தோடு ஒப்பிடவே முடியாது. நோயறிந்த ஏழு நாளுக்குள், தயாரா இருந்தா அன்னைக்கே ஆரம்பிக்கலாம்னு 2017 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. விதிவிலக்கு உண்டு: காசநோய் அல்லது பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் இருந்தா, முதல்ல அதுக்கு வைத்தியம், அப்புறம்தான் இது. அதனாலதான் ஆரம்பிக்கும் முன்னாடி அத்தனை கேள்வி கேட்கிறாங்க.

அவன் அடுத்துக் கேட்டது, "வாழ்நாள் முழுக்கவா? நல்லாயிட்டா நிறுத்தக் கூடாதா?" ஸ்மார்ட் ஆய்வுல லீவு எடுத்தவங்க கதையைச் சொன்னேன். பேசாம இருந்தான்.

அப்புறம், டம்ளரைப் பார்த்துக்கிட்டே, "கல்யாணம்?" என்றான். 2016-ல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வைச் சொன்னேன். ஐரோப்பாவில் 888 ஜோடிகள், 58,000 தடவைக்கு மேல் ஆணுறை இல்லாத உறவு, மருந்தால் வைரஸ் கட்டுக்குள் இருந்தபோது அந்தத் துணையிடமிருந்து ஒருத்தருக்குக் கூடத் தொற்று வரலை. சோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் இறங்கி, அப்படியே இருந்தால், உறவின் மூலம் பரவாது. "அதுக்குன்னு சொல்லாம கட்டிக்கலாம்னு அர்த்தம் இல்லை" என்றேன். "தெரியும்டா" என்றான். அன்னைக்கு முதல் தடவையா அவன் முகத்துல பழைய எரிச்சல் தெரிஞ்சுது. எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மருந்து மாறின வேகத்துக்குப் பயம் மாறலை. அது எனக்கும் தெரியும். ஒருத்தர் சம்மதம் இல்லாம அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தாச்சு. ஆனாலும் டப்பா சீட்டுக்கு அடியிலதான் இருந்தது. அவன் வீட்ல இன்னும் சொல்லலை. எப்போ சொல்றதுங்கிறது அவன் முடிவு. மாத்திரைக்குத்தான் இனி காத்திருக்கத் தேவையில்லை. மத்ததுக்கெல்லாம் அவன் வேண்டிய நேரம் எடுத்துக்கலாம்.

திங்கக்கிழமை கவுன்சிலரிடம் போனான். நான் மூணு நாள் படிச்சதை அந்த அம்மா பத்தே நிமிஷத்துல, எனக்கும் மேலாகவே சொல்லியிருக்காங்க. "தினம் நாலு பேர் இதே கேள்வி கேட்கிறாங்க தம்பி, நீங்க பதினோரு நாள் கழிச்சாவது கேட்டீங்களே"ன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் மாத்திரை.

ஆறு மாசம் கழிச்சு செல்லுக்கு ஒரு படம் அனுப்பினான். வைரஸ் அளவு பரிசோதனை ரிப்போர்ட். கண்டறிய முடியாத அளவுன்னு வந்திருந்தது. பேர் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைச்சு எடுத்திருந்தான்.

"எங்கிட்ட எதுக்குடா பேரை மறைக்கிறே?" என்று கேட்டேன்.

"பழக்கம் மச்சி" என்றான்.

டிஸ்கி: சந்தேகம் இருக்கிறவங்க 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். மருந்து விஷயத்தில் என் பதிவை நம்பாம டாக்டரைக் கேளுங்க. பதினோரு நாள் கழிச்சு இல்லை, முதல் நாளே.